ஆசிட் ஜாஸ்: பெயர் வைத்தவர்களும் ஆடிய கால்களும்

ஜாஸும், தாளம் தூக்கலான ஃபங்க் இசையும் கலந்த ஆட்ட இசையான ஆசிட் ஜாஸ் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 1980களின் பிற்பகுதி, லண்டன். எங்கும் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசையின் அலை. அப்போது ஜைல்ஸ் பீட்டர்சன், கிறிஸ் பேங்ஸ் என்ற டிஜேக்கள் ஒரு பழைய ஃபங்க் இசைத்தட்டைப் போட்டு, விளையாட்டாக ‘ஆசிட் ஜாஸ்’ என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பீட்டர்சனும் எடி பில்லரும் அதே பெயரில் 1987இல் இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கினார்கள்.

கதை சரி. ஆனால் அது பெயர் பிறந்த கதை. இசை அதற்கு முன்பே லண்டனின் கேம்டன் பகுதியில், எலெக்ட்ரிக் பால்ரூம் என்ற கிளப்பின் ஜாஸ் அறையில் உருவாகிக்கொண்டிருந்தது. 80களின் தொடக்கத்தில் அங்கே பால் மர்ஃபி தட்டுகளைச் சுழற்றினார். பீட்டர்சன் அவருக்குப் பிறகு வந்தவர். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கரீபியக் குடும்பங்களில் பிறந்த கறுப்பின இளைஞர்கள். நகரின் நடுவே இருந்த பல பகட்டான கிளப்கள் இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது.

அவர்கள் சும்மா ஆடவில்லை. வட்டம் கட்டி, ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் இறங்கிப் போட்டி போட்டார்கள். பீபாப், லத்தீன் ஜாஸ், ஃபியூஷன் என்ற ஜாஸ் வகைகளில் வேகம் ஏற ஏறக் கால்களும் பறந்தன. கால்கள் ஈடுகொடுத்ததால் டிஜேக்கள் இன்னும் கடினமான தட்டுகளைத் தேடி அலைந்தார்கள். விமர்சகர்கள் மட்டமாகப் பேசி ஒதுக்கிய, ப்ளூ நோட் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் ஃபங்க் கலந்த ஜாஸுக்கும் லண்டன் கிளப்களில் மறுவாழ்வு கிடைத்தது. எந்தத் தட்டு பிழைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது ஆடியவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் கேம்டனின் டிங்வால்ஸ் கிளப்பில் ஞாயிறு மதியங்கள், பிராண்ட் நியூ ஹெவீஸ், ஜமீரோகுவாய் போன்ற இசைக்குழுக்கள்... இவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் இசை வானொலிக்கு ஏற்றபடி நிதானமாகி இனிமையானபோது, அந்த வெறித்தனமான வேகம் போய்விட்டது. ஆடியவர்களின் பெயர்களும் கூடவே போயின. இசைத்தட்டின் உறையில் டிஜே பெயர் வரும், பாடகர் பெயர் வரும்; ஆடியவன் பெயரை எங்கே போடுவார்கள்?

‘ஐ டான்ஸ் ஜாஸ்’ என்ற ஆட்டக் குழு, டிரம்ஸ் மேதை ஆர்ட் பிளேக்கியின் வாசிப்புக்கு ஆடிய பதிவு இருக்கிறது. தேடிப் பாருங்கள். பிளேக்கியின் கைகளை விட்டுவிட்டு, ஒருமுறை அந்தப் பையன்களின் கால்களை மட்டும் கவனியுங்கள்.