நிற்கிற வண்டிக்குத்தான் கேட்கிறேன்

வியாழக்கிழமையிலிருந்து அந்த வீடியோவை எனக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, உங்களைத்தானே சொல்றான்?" என்று தங்கச்சி மகன் வேறு. ஆமாம் மருமகனே, என்னைத்தான். எலக்ட்ரிக் பிக்கப் பற்றிய அந்தத் தம்பியின் வீடியோவுக்குக் கீழே, "கம்பெனியே வண்டிக் கூரையில் சோலார் வைத்துக் கொடுத்தால் எங்களைப் போன்ற மீன் லோடு அடிக்கிறவர்களுக்கு உதவும்" என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அதை அடுத்த வீடியோவில் பெரிதாகத் திரையில் போட்டு, "ராம்நாட்டு அண்ணனுக்கு வெயில் தலைக்கேறிருச்சு" என்று சிரித்து, "ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர்தான் கிடைக்கும், அதுக்கு மாட்டு வண்டியே போதும்" என்று முடித்துவிட்டார். நல்ல நகைச்சுவை. என் மனைவிகூடச் சிரித்தாள்.

சரி, கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொன்ன பத்து கிலோமீட்டர் சரிதான். நான் மறுக்கவே இல்லை. சின்ன லோடு வண்டியின் கூண்டு மேல் 3 சதுர மீட்டர் பேனல் உட்காரும். சதுர மீட்டருக்கு 200 வாட் வைத்தால் 600 வாட். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று எடுத்தால் 3 யூனிட். பேனல் சாய்வில்லாமல் படுத்துக் கிடக்கும், சூடானால் விளைச்சல் குறையும், மேலே உப்பும் மணலும் படியும். அதையெல்லாம் கழித்து 2 யூனிட் என்று வையுங்கள். லோடோடு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர். ஆக 10. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. வெயில் தலைக்கேறின பிறகும் பெருக்கல் வாய்ப்பாடு மறக்கவில்லை.

நீங்கள் பார்ப்பது ஓடுகிற வண்டியை. நான் கேட்பது நிற்கிற வண்டிக்கு.

மீன் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். ஏலம் முடியக் காத்திருக்கும். ஐஸுக்குக் காத்திருக்கும். வள்ளம் கரைக்கு வரக் காத்திருக்கும். எங்கள் பக்கம் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகை நம்பியிருக்கும் வண்டியெல்லாம் வேப்பமரத்தைத் தேடி நிற்கும். வேப்பமரம் எங்கே இருக்கிறது, சீமைக்கருவேலந்தான். இத்தனை நாள், இத்தனை மணி நேரம் மேலே வெயில் கொட்டுகிறது, வண்டி சும்மா காய்கிறது. அந்தக் கூரையில் ஏதாவது வையுங்கள் என்றால் மாட்டு வண்டி.

போன வருடம் நடந்ததை இங்கே எழுதியதில்லை. மானக்கேடு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து விடியற்காலை என் எலக்ட்ரிக் வண்டியில் ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு லோடு. முந்தின இரவு முழுக்க வோல்டேஜ் குறைவு, காலையில் பார்த்தால் 86 சதவீதம்தான் ஏறியிருந்தது. போகும்போது 45 கிலோமீட்டர், திரும்பி மண்டபம் வரும்போது இன்னொரு 37. மண்டபம் கரையில் நண்டு எடுக்க வேண்டும். நாட்டுப்படகு வரத் தாமதம். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வண்டி வெட்டவெளியில் நின்றது. உள்ளே உட்கார முடியவில்லை, ஸ்டியரிங் தொட்டால் கை பொரிந்தது. பக்கத்தில் பிளக் இல்லை. டீக்கடைக்காரர் நல்லவர், ஆனால் அவருடைய ஒயர் ஒரு மிக்சி ஓட்டவே யோசிக்கும்.

நான்கு மணிக்கு நண்டு ஏற்றிக் கிளம்பினேன். வீட்டுக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர், போய்விடலாம் என்று கணக்கு. பாம்பன் பாலம் தெரியும்தானே, 2.3 கிலோமீட்டர், நடுவில் மேடு. எதிர்க்காற்று வேறு. டிஸ்பிளேயில் 6 சதவீதம் என்று காட்டியது திடீரென்று 2 ஆனது. சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லும் ஆமை படம் எரிந்தது. மேட்டின் உச்சிக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. உச்சியைத் தொட்டிருந்தால் போதும், அந்தப் பக்கம் இறக்கம், தானாகவே பாம்பனுக்கு உருண்டிருக்கும்.

அந்த இடத்தில்தான் எல்லாரும் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்ப்பார்கள். நானும் காட்சி பார்க்க நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தார்கள். ஒரு குடும்பம் என் வண்டியில் சாய்ந்து செல்ஃபி எடுத்தது. "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃபோட்டோல விழுறீங்க" என்றது ஒரு பிள்ளை. தள்ளி நின்றேன். மச்சான் டீசல் வண்டியோடு வந்து கயிறு கட்டி இழுக்கும்போது மணி ஏழேகால். நண்டில் பாதி செத்துப் போயிருந்தது. வியாபாரி எவ்வளவு கழித்தார் என்று சொல்ல விருப்பமில்லை.

ஆறு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டி அது. கூரையில் பேனல் இருந்திருந்தால் ஒன்றரை யூனிட்டாவது ஏறியிருக்கும். ஏழு கிலோமீட்டர். எனக்குத் தேவைப்பட்டது அரை கிலோமீட்டர்.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும்.

"சரியாக சார்ஜ் போடாமல் கிளம்பியது உன் தப்பு." ஆமாம், என் தப்பு. சந்தோஷமா?

"வீட்டு மொட்டைமாடியில் பேனல் வைத்து வண்டிக்கு ஏற்றலாமே." நல்ல யோசனை. என் வீட்டுக்கு மொட்டைமாடி இல்லை, ஓடு. இருந்தாலும் வெயில் அடிக்கிற நேரத்தில் வண்டி கரையில் நிற்கிறது, வீட்டில் இல்லை. மாடி மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி திருப்பி வாங்கலாம் என்பீர்கள். செய்கிறவர்கள் செய்யட்டும். ராத்திரி வோல்டேஜ் வராததுதானே இங்கே பிரச்சினை!

"மழைக்காலத்தில் என்ன செய்வாய்?" ஒன்றும் செய்ய மாட்டேன். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்றைக்கு சோலாரும் இல்லை, கரண்டும் இல்லை, மீனும் இல்லை. அடுத்த கேள்வி.

"உப்புக்காற்றில் பேனல் தாங்காது." உப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள் ஐயா. என் வண்டியின் தளத்தகடு இரண்டே வருடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதற்கு வீடியோ போட்டீர்களா? பேனல் மேலே கண்ணாடி, அலுமினியச் சட்டம். கச்சான் காற்றில் மணல் படிந்தால் ஐஸ் உருகின தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடைத்துவிடுவேன். எடை? எல்லாம் சேர்த்து 40 கிலோ. ஒரு பெட்டி மீன். அந்த ஒரு பெட்டியை விட்டுக்கொடுக்க நான் தயார்.

அப்புறம் எல்லாரும் கொண்டுவரும் பெரிய அஸ்திரம்: "எலான் மஸ்க்காலேயே முடியவில்லை." உண்மை. 2019 நவம்பரில் டெஸ்லா கம்பெனியின் சைபர்டிரக் என்ற எலக்ட்ரிக் பிக்கப்பை அறிமுகம் செய்த கையோடு, சோலார் வைத்துக்கொள்ள வசதி உண்டு, ஒரு நாளைக்கு 15 மைல் வரும், அதாவது 24 கிலோமீட்டர், என்று சொன்னார். 2023 நவம்பரில் வண்டி கைக்கு வந்தபோது அது இல்லை. நெதர்லாந்தின் லைட்இயர் சோலார் கார் இரண்டரை லட்சம் யூரோ விலையில் வந்தது, அதைத் தயாரித்த நிறுவனம் 2023 ஜனவரியில் திவாலானது. அடுத்த மாதமே ஜெர்மனியின் சோனோ நிறுவனம் தன் சோலார் காரைக் கைவிட்டது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் சைபர்டிரக் 3 டன் வண்டி, 123 யூனிட் பேட்டரி. அதன் மேல் 2 யூனிட் ஏற்றுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நம் குட்டி யானை (டாடா ஏஸ்) அளவு எலக்ட்ரிக் வண்டிக்கு 20 யூனிட் சுற்றித்தான் பேட்டரி. அதே 2 யூனிட் இங்கே பத்தில் ஒரு பங்கு. யானைக்குப் போதாது என்பதற்காகக் குட்டி யானைக்கும் வேண்டாமா? ஜெர்மனியில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று அங்கே வெல்டிங் வேலைக்குப் போயிருக்கும் சித்தப்பா மகனைக் கேளுங்கள். சாயங்காலம் நாலரைக்கே இருட்டு என்கிறான்.

"ஒரு நாளைக்கு 16 ரூபாய் மின்சாரம் மிச்சம், அவ்வளவுதானே" என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். 16 ரூபாய்க்காக நான் கேட்கவில்லை. பாலத்தில் நிற்காமல் இருக்கக் கேட்கிறேன்.

இன்னொன்று யாருமே பேசுவதில்லை. கூண்டு மேல் விரலிடை விட்டுப் பேனலை நிறுத்தினால் அது நிழல். தகரக் கூரையில் நேரடி வெயில் விழாது, உள்ளே ஐஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் வண்டியை வடிவமைக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். பின்னால் நாமே மாட்டினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். வண்டி வாங்கின இடத்தில் கேட்டபோது, பேட்டரி ஒயரில் கை வைத்தால் வாரண்டி போச்சு என்றார்கள். சரி என்று, பேட்டரியைத் தொடாமல் செல்போனுக்கும் லைட்டுக்கும் மட்டும் ஒரு சின்ன பேனலைக் கயிறு போட்டுக் கட்டினேன். அதற்கே சோதனைச்சாவடியில் நிறுத்தி, இதுக்கு ஆர்.சி.யில் எழுதியிருக்கா என்றார்கள். அதனால்தான் கம்பெனியே வைத்துக் கொடுக்கட்டும் என்றேன்.

கமுதி எங்கள் மாவட்டம்தான். 2016-இல் அங்கே 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேப்பரில் போட்டார்கள். ராமநாதபுரத்து வெயில் அவ்வளவு உசத்தி என்று அன்றைக்கு எல்லாரும் பேசினார்கள். அதே வெயிலில் 3 சதுர மீட்டர் எனக்குக் கொடுங்கள் என்றால் தலைக்கேறிவிட்டது.

தம்பிக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி மிரட்டுவது பழைய வழக்கம். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி சொன்னால் அது ராமநாதபுரம். பள்ளிக்கூடத்தில் புதிதாக வரும் வாத்தியார் முகத்தைப் பார்த்தே, இவர் தண்டனைக்கு வந்தவரா, தானாக வந்தவரா என்று கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் அப்பா சைக்கிளில் ஓலைப்பெட்டி கட்டி மீன் விற்றவர். பெரிய பட்டணத்து ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போவார்களாம், சாப்பிடும்போது மட்டும் நாற்றம் தெரியாது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சோலாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும்.

அந்தத் தம்பியைத் திட்டி யாரும் கமெண்ட் போட வேண்டாம், அவருடைய பக்கத்தில் போய்ச் சண்டையும் வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் மண்டபம் வரட்டும். மே மாதம் வரட்டும். பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை என் வண்டிக்குள் உட்காரட்டும், ஏசி இல்லை. நண்டுக் குழம்பு என் செலவு.

இன்றைக்குப் படகு போகவில்லை. வண்டி காலையிலிருந்து வாசலில் நிற்கிறது, 38 சதவீதம். நாளைக்குப் போகும் நாள். வோல்டேஜ் ஏறியதும் பிளக்கைச் சொருக வேண்டும்.