மாசியில் மாம்பழம் கேட்கிறவர்களுக்கு

மார்ச் முதல் வாரம். மாசி மாதமே இன்னும் முடியவில்லை. வடபழனியில் ஒரு தள்ளுவண்டி நிறைய பங்கனப்பள்ளி. அத்தனையும் ஒரே மஞ்சள். காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சை, வெயில் பட்ட பக்கம் கொஞ்சம் கூடுதல் நிறம், அந்தப் பேச்சே கிடையாது. ஒரே டப்பா பெயிண்டை ஊற்றி எடுத்த மாதிரி. கிலோ 240 ரூபாய்.

பெரியவர் ஒருவர் நிற்கிறார். பேரன் மாம்பழம் கேட்டானாம்.

"கல்லு கில்லு போட்டுப் பழுக்க வெச்சதா தம்பி?"

"இன்னா ஐயா இப்டி கேட்டுட்டீங்க? நம்மகிட்ட அந்த வேலையே கெடயாது. எல்லாம் மரத்துலயே பழுத்தது. ஆந்திரா சரக்கு, நேத்து நைட்டுதான் எறங்குச்சு."

"வெட்டிக் காட்டேன்."

வெட்டினார். குறுக்கே, ஒரே வெட்டு. பழம் இரண்டாகப் பிளந்தது. கொட்டையும் சேர்ந்து பிளந்தது. கத்தி ஒரு நொடி தயங்கவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, நடுவில் பிஞ்சுப் பருப்பு.

பெரியவர் லேசாக முழித்தார். வண்டிக்காரர் அசரவில்லை. "கொட்டை சின்னது ஐயா, சதை ஜாஸ்தி."

பெரியவர் முகம் மலர்ந்து 2 கிலோ வாங்கிக்கொண்டு போனார். 480 ரூபாய்!

கொட்டை சின்னதாம். சதை ஜாஸ்தியாம். இந்த ஒரு வரிக்கு நோபல் பரிசே கொடுக்கலாம். சரி, மெதுவாக முதலிலிருந்து வருவோம். அந்த ஒரு நிமிடத்தில் நடந்த அநியாயம் ஒன்றா இரண்டா?

முதலில் "மரத்துலயே பழுத்தது". மரத்தில் பழுத்த மாம்பழத்தைக் கூடையில் அடுக்கி, லாரியில் ஏற்றி, ஆந்திராவிலிருந்து இரவெல்லாம் குலுக்கிக் கோயம்பேட்டில் இறக்கினால் பழம் வராது, ஜூஸ்தான் வரும். வியாபாரத்துக்கு மரத்தில் பழுக்க விட்டு யாரும் பறிப்பதில்லை. முற்றிய காயாக, காம்போடு பறிப்பார்கள். பழுப்பது வழியிலும் மண்டியிலும் வீட்டிலும். மாமரத்தைப் பக்கத்தில் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஆனாலும் நாம் ஒவ்வொரு வருடமும் "மரத்துல பழுத்ததா?" என்று கேட்கிறோம், அவர்களும் சளைக்காமல் "ஆமா" என்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. பங்கனப்பள்ளி பூ விட்டுப் பிஞ்சாகி முற்ற 100 நாளுக்கு மேல் வேண்டும். பூப்பது பெரும்பாலும் மார்கழி, தை. விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள், பங்குனி நடுவுக்கு முன்னால் வராது. அப்படியானால் மாசியில் அந்த வண்டியில் இருந்தது என்ன? பாதி வயசில் பறித்த காய், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

உடனே ஒருவர் "முதலமடை, முதலமடை" என்று கையைத் தூக்குவார். தெரியும் சார். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மரங்கள் முன்கூட்டியே பூக்கும், நாட்டிலேயே முதல் மாம்பழம் அங்கேயிருந்துதான் வரும், பிப்ரவரியிலும் வரும். உண்மை. ஆனால் முதலமடைக் காயாக இருந்தாலும் முற்றியிருக்க வேண்டும் இல்லையா? கத்தி கொட்டையை வெட்டிக்கொண்டு போகிறதென்றால் அது எந்த ஊர்க் காயாக இருந்தால் என்ன? முற்றிய மாங்கொட்டை கட்டையாக இருக்கும். கத்தி அதில் பட்டு வழுக்கி ஓரமாகத்தான் இறங்கும். ஆவக்காய் போட முற்றின காயை ஓட்டோடு பிளக்கத் தனிக் கத்தியே வைத்திருப்பார்கள். இங்கே சும்மா பழக்கத்தி, வெண்ணெயில் இறங்கிய மாதிரி!

நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறீர்களே, சதையின் மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனித்ததுண்டா? கொட்டையை ஒட்டித்தான் முதலில் மஞ்சளாகும். அங்கிருந்து வெளியே பரவும். தோலுக்குக் கடைசியில்தான் வரும். தோல் தங்கமாக மின்ன, கொட்டைப் பக்கம் வெள்ளையாக இருந்தால் வேலை தலைகீழாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரோ நிறத்தை வரவழைத்திருக்கிறார்கள்.

அந்த யாரோதான் கார்பைடு கல். சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் காய்க்கு நடுவே சொருகி மூடிவிடுவார்கள். காயிலிருந்து வரும் ஈரம் பட்டதும் கல் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும், கூடவே சூடும் வரும். வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதே வாயு. தோலிலுள்ள பச்சையம் அழிந்து மஞ்சள் தெரிய ஒன்றிரண்டு நாள் போதும். சந்தையில் கிடைக்கிற கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. பெட்டியைத் திறந்ததும் பூண்டு மாதிரி ஒரு வாடை அடித்தால் அதுதான். இதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது, 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் கோடையில் கோயம்பேட்டில் சோதனை, பறிமுதல், மறுநாள் பேப்பரில் படம். அதற்கு மறுநாள் வண்டியில் அதே மஞ்சள்.

எத்திலீன் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழம் தானாகவே விடுகிற வாயு அது. மூடிய அறையில் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரைக்கும் பயன்படுத்த 2016-லிருந்து அனுமதி இருக்கிறது. ஒழுங்காகக் குளிர்ச்சியும் ஈரப்பதமும் வைத்துச் செய்தால் தப்பே இல்லை. எத்திலீன் பொடிப் பையைப் பெட்டிக்குள் போடுவதானாலும் பழத்தில் படாமல் போட வேண்டும். மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் காயை முக்கி எடுப்பது கூடவே கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்கிற மண்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டவில்லை.

ஆனால் கல்லோ, எத்திலீனோ, எதுவுமே பிஞ்சுக்குள் இனிப்பைக் கொண்டுவந்து வைக்காது. காய் மரத்தில் இருக்கும்போது மாவுச்சத்தைச் சேர்க்கிறது, பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. சேர்க்கவே விடாமல் பறித்துவிட்டால் எது மாறும்? 240 ரூபாய் கொடுத்து வாங்கிய மஞ்சளைக் கடித்துவிட்டு, "இந்த வருஷம் மாம்பழத்துல டேஸ்ட்டே இல்லப்பா" என்று மரத்தைக் குறை சொல்ல வேண்டியது. மழை சரியில்லையாம். வெயில் சரியில்லையாம்.

பார்த்து வாங்கத் தெரியாதென்றால் கேளுங்கள். முற்றிய காயின் தோள், அதாவது காம்பை ஒட்டிய மேல்பகுதி, இரண்டு பக்கமும் காம்புக்கு மேலே புடைத்து எழும்பி, காம்பு ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோள் காம்பிலிருந்து சரிந்து இறங்கினால் பிஞ்சு. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றினது மூழ்கும், முற்றாதது மிதக்கும். காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும். தோல் பழுத்து வாசனை வரவில்லையென்றால் வண்டியிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தப் பெரியவர் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. கண்ணெதிரே கொட்டை பிளந்ததையே ஏற்றுக்கொண்டவர் வாளித் தண்ணீரையா தேடப்போகிறார்?

இன்னும் சொன்னால், சித்திரையில் முற்றின காயாகவே வாங்கி வீட்டில் பழுக்க வைப்பது அவ்வளவு பெரிய வித்தையா? வைக்கோல் கிடைக்காவிட்டால் போகட்டும். அட்டைப் பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் ஒரே அடுக்காக, காம்பு கீழே இருக்கும்படி வைத்து, மேலே இன்னொரு பேப்பர். அவசரமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூட வைக்கலாம். சென்னை வெக்கைக்கு 4 முதல் 6 நாள். தினமும் ஒரு தடவை பார்த்து, பழுத்ததை எடுத்துவிட வேண்டும், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். காயாக இருக்கும்போது ஃபிரிஜ்ஜில் வைக்கவே கூடாது. 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருத்துத் திட்டுத்திட்டாகி, பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. இதைத்தான் முக்கால்வாசி வீட்டில் செய்கிறார்கள், செய்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

மாசியில் மாமரம் ஒன்றுமே தராதா? தரும். வடு! மாசி, பங்குனியில் மாமரத்திடம் கேட்க வேண்டியது அதைத்தான். 1 கிலோ உருண்டை வடு, காம்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அடிபட்டது வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, 2 ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி, 150 முதல் 200 கிராம் கல்லுப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் தானே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாயும் கடுகும் அரைத்துக் கலக்கித் திரும்பக் கொட்டி, தினமும் குலுக்கினால் பத்துப் பதினைந்து நாளில் சுருங்கி ஊறிவிடும். உப்பைக் குறைத்தால் மேலே வெள்ளையாகப் பூசணம் படரும். கீழே விழுந்து அடிபட்ட வடுவைப் போட்டால் மெத்தென்று கொழகொழத்துவிடும். அந்த வண்டியிலிருந்து நாலு எட்டு தள்ளி ஓர் அம்மா கூடையில் வடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே வரிசையில் தர்பூசணிக் குவியலும் இருந்தது. திண்டிவனம், மரக்காணம் பக்கத்துச் சரக்கு, அந்த மாதத்துக்கே உரிய பழம். அதை வாங்கப் பயம்! 2025 கோடையில் சாய ஊசி போடுகிறார்கள் என்று கிளம்பிய பேச்சில் விற்பனை படுத்து, பழம் வயலிலேயே கிடந்தது. ஊசி குத்தின ஓட்டை வழியே பழம் சீக்கிரமே அழுகத் தொடங்கும், சாயம் முழுப் பழத்திலும் சீராகப் பரவாது, எந்த வியாபாரி கைக்காசு போட்டு இந்தக் கூத்தை அடிப்பான் என்று ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள். இல்லாத ஊசிக்கு நடுங்குவார்கள், இருக்கிற கல்லுக்குக் கிலோவுக்கு 240 எண்ணிக் கொடுப்பார்கள்.

அந்த 240-தான் எல்லாவற்றுக்கும் மூலம். முதலில் கொண்டுவருகிறவனுக்குத்தான் விலை என்றால் எவன் சித்திரை வரைக்கும் காத்திருப்பான்? காத்திருந்து முற்ற விட்டுப் பறிக்கிற விவசாயி சந்தைக்கு வரும்போது நமக்கு மாம்பழம் அலுத்துப்போயிருக்கும். 2025 ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. அது கூழ் ஆலைக்குப் போகும் ரகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆனி, ஆடியில் நீலம் வரும்போது மட்டும் என்ன மரியாதை கிடைக்கிறது? கமகமவென்று, பாதி விலைக்கும் கீழே வரும். கொட்டையில் ஒரு வண்டு தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், ஊரைக் கூட்டுவார்கள். வண்டாவது நிஜ மாம்பழம் பார்த்துத்தான் குடியேறியது.

மாம்பழத்தோடு முடிகிற வியாதி இல்லை இது. கார்த்திகையில் கொட்டுகிற மழையில் முருங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும், மரத்தில் காய் இருக்காது. கிலோ 300 ரூபாயைத் தாண்டின வருடங்கள் உண்டு. மகாராஷ்டிரா, குஜராத்திலிருந்து லாரி ஏறி வரும். அப்போதுதான் நமக்கு முருங்கைக்காய் சாம்பார் இல்லாமல் இட்லி இறங்காது. அவரையும் முள்ளங்கியும் கிடைக்கும் அந்த மாதத்தில்! பங்குனியில் முருங்கை காய்த்துத் தொங்கும்போது, "முருங்கைக்காயா, போன வாரம்தானே வெச்சோம்" என்பார்கள்.

எழுதி என்ன ஆகப்போகிறது? அந்தப் பேரன் தட்டில் வைத்ததை ஒரு வாய் கடித்துவிட்டு, "புளிக்குது தாத்தா" என்றிருப்பான். தாத்தா அதற்கு மேலே சர்க்கரை தூவிக் கொடுத்திருப்பார். சதை ஜாஸ்தி இல்லையா, சர்க்கரையும் ஜாஸ்தி வேண்டும்.

அதெல்லாம் கிடக்கட்டும். 500 ரூபாய்க்குக் காய் வாங்கினால் இரண்டு கொத்து கறிவேப்பிலை கொசுறு போட்டுக்கொண்டிருந்தார்களே, அது எந்த வருடம் நின்றது? இப்போது பத்து நிமிட டெலிவரியில் அதற்கும் தனி விலை, பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பாதி காம்பு. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால் நடுவில் வேறு ஏதோ புல்!