வத்தல்மலைக்கு ஒரு மலையேற்ற மிதிவண்டிப் போட்டி வேண்டும்

மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் தொடங்கி, வெயில் ஏறும் மாசி வரை நீளும் மலையேற்ற மிதிவண்டிப் பருவம் இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது. தருமபுரியில் இருக்கும் எங்களுக்குப் போட்டி என்றால் பெங்களூருவுக்கு அப்பால் இருக்கும் நந்தி மலை, இல்லையென்றால் சேலத்து நண்பர்கள் கூடி நேரம் குறித்து ஏறும் ஏற்காடு. இரண்டும் நல்ல மலைகள்தாம். ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு வத்தல்மலைச் சாலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது, ஒரு போட்டிக்காக அடுத்த மாவட்டத்துக்கும் அடுத்த மாநிலத்துக்கும் போய்வருவது ஒவ்வொரு பருவத்திலும் மனத்தை உறுத்துகிறது. நம் மாவட்டத்துக்கென்று முறையான மலையேற்றப் போட்டி ஒன்று வேண்டும் என்பதை, பருவம் முடிந்த சூட்டோடு எழுதிவிட விரும்புகிறேன்.

இந்த வகைப் போட்டியில் எல்லோரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை; வழக்கமாக ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகத்தான் அனுப்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் உச்சியை எட்டுகிறார் என்பது மட்டுமே கணக்கு. சமதளப் போட்டியில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, காற்றின் தடையை அவர் தலையில் கட்டிவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் முந்திவிடலாம். மலையில் அதற்கு வழியே இல்லை. நூறு மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புவியீர்ப்பை எதிர்ப்பதற்கே போய்விடுகிறது. காற்றுக்கு மிகச் சிறு பங்கே மிஞ்சுகிறது. ஆகவே காற்றைக் கிழிக்கும் விலை உயர்ந்த சக்கரங்களுக்கும், கூட வந்து காற்றை மறைக்கும் அணிக்கும் இங்கே பெரிய மதிப்பில்லை. பணமும் பின்பலமும் இல்லாத பிள்ளைகள் அதிகம் உள்ள நம் பகுதிக்கு இதைவிட நேர்மையான மிதிவண்டிப் போட்டி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எடை குறித்த ஒரு கவலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ மிதிவண்டியில் 500 மீட்டர் உயரத்தை 40 நிமிடத்தில் ஏறினால், புவியீர்ப்புக்கு மட்டும் சராசரியாக 160 வாட் திறன் தர வேண்டும். இதில் ஒரு கிலோவைக் குறைத்தால் சுமார் அரை நிமிடம் மிச்சமாகும். அந்த ஒரு கிலோ வண்டியிலிருந்து குறைந்தாலும் உடம்பிலிருந்து குறைந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், இந்தப் பருவத்தில் நான் பார்த்த இளைஞர்கள் பலர் சோற்றைக் குறைப்பதையே பயிற்சி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் எடைக்கு 6.8 கிலோ என்று சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. உடம்புக்கு அப்படிக் காவல் நிற்கும் விதி எதுவும் இல்லை. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு இல்லாமல் தொடர்ந்து பயிற்சி செய்தால் எலும்பு வலுவிழக்கும், பெண்களுக்கு மாதவிடாய் தவறும், அடிக்கடி நோய் வரும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவக் குழு 2014-இலேயே எச்சரித்திருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகள் மலையேறும்போது, விடியற்காலையில் அவர்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பெரியவர் ஒருவராவது உடன் இருக்க வேண்டும். ராகிக் களி உண்டு வளர்ந்த ஊரில் ஒரு பிள்ளை பட்டினியோடு மலையேறுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உண்மையில் எடையைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது நிதானம். முதல் வளைவுகளில் மூச்சு சிதறப் பாய்ந்தவர்களை, அவர்களைவிட வலுக்குறைந்தவர்கள் பாதி மலைக்கு மேல் அமைதியாகக் கடந்து போவதை ஏற்காட்டில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளைவை எடுக்கும் விதத்திலும் நுட்பம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் தூரம் குறைவு, ஆனால் சரிவு செங்குத்து; வெளிப்பக்கம் தூரம் சற்றுக் கூடினாலும் சரிவு தணிந்திருக்கும். போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டுமே வெளிப்பக்கத்தை முழுவதும் பயன்படுத்த முடியும் என்பதால், சாலையை மூடி நடத்தும் போட்டியில்தான் ஒருவரின் முழுத் திறமையும் தெரியவரும். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே பயிற்சி செய்கிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சாலை அதற்கானதல்ல.

இங்கிலாந்தில் இந்தப் போட்டி நூற்றாண்டைக் கடந்த மரபு. லண்டனின் கேட்ஃபோர்டு மிதிவண்டிக் கழகம் 1887-இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இன்றும் நடக்கிறது. அவர்கள் ஏறும் மேடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நல்ல வீரர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். அந்நாட்டின் தேசிய மலையேற்றப் போட்டியை 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு முறை வென்ற கிறிஸ் போர்ட்மேன், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் மிதிவண்டிப் பந்தயத்தில் தங்கம் வென்றார். மேடு குட்டையாக இருந்தாலும் அதில் வளரும் வீரர் குட்டையாகிவிடுவதில்லை.

நமக்கு ஏற்கெனவே ஒரு நல்ல அடித்தளம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடத்தும் அண்ணா மிதிவண்டிப் போட்டியில் 13, 15, 17 வயதுக்குட்பட்ட மாணவ மாணவிகள், கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியில் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை வைத்தே மலையேற்றப் போட்டியையும் தொடங்கலாம். கியர் இல்லாத வண்டியில் வத்தல்மலை முழுவதையும் ஏறச் சொல்வது கொடுமை. எனவே மாணவர்களுக்கு அடிவாரத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டர் போதும். கியர் வண்டி வைத்திருக்கும் பெரியவர்கள் உச்சி வரை ஏறட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து நண்பர்கள் அஞ்செட்டி பக்கத்து மலைச்சாலையிலோ ராயக்கோட்டை சுற்றுவட்டார மேடுகளிலோ இதேபோல் நடத்தலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வத்தல்மலைச் சாலை விளையாட்டுக்காகப் போடப்பட்டதல்ல. மேலே வாழும் மலைவாழ் மக்கள் நீண்ட காலம் கால்நடையாகவே இறங்கி ஏறிய பிறகு கிடைத்த சாலை அது. ஆகவே ஞாயிறு அதிகாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை மூடக் கூடாது. அந்த நேரத்திலும் நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்குத் தடை இருக்கக் கூடாது. மலையூர்களில் முன்கூட்டியே போய்ப் பேசி, அவர்கள் ஒப்பிய நாளில்தான் நடத்த வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டியில் சேர முன்னுரிமை தர வேண்டும்.

ஏறும்போது வேகம் குறைவு என்பதால் விபத்து அரிது, ஆபத்து இறக்கத்தில்தான். தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரப்பரும் சக்கர விளிம்பும் சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். அதனால் மாணவர் எவரையும் மிதிவண்டியில் இறங்க விடக்கூடாது. வண்டிகளைக் குட்டியானையிலும் பிள்ளைகளைப் பேருந்திலும் ஏற்றி அடிவாரத்தில் சேர்க்க வேண்டும். தை மாதத்து ஞாயிறு ஒன்றை மாவட்ட விளையாட்டு அலுவலகம் குறித்துக் கொடுத்தால், நேரம் குறிக்கவும், ஒவ்வொரு வளைவிலும் ஆள் நிறுத்தவும், அந்தக் குட்டியானைகளுக்கு வாடகை கொடுக்கவும் எங்கள் நண்பர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.