மேற்கே மேடு, கிழக்கே பள்ளம்

ஐந்தாம் வகுப்பில் சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்தில் குச்சியை வைத்து ஆறுகளைக் காட்டிக்கொண்டு வந்தேன். சம்பல் ஆறு வந்ததும் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "டீச்சர், கங்கை, யமுனை எல்லாம் கீழ வருது. இது மட்டும் எப்படிங்க மேல ஏறுது?"

விந்திய மலைப் பக்கம் பிறந்து வடக்கே ஓடி யமுனையில் சேருகிற ஆறு அது. அவள் கணக்கில் வடக்கு என்றால் உயரம், தெற்கு என்றால் பள்ளம். தண்ணீர் மேட்டில் ஏறாது என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் அவள் நினைத்ததையேதான் நினைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, காஷ்மீரை உச்சியிலும் கன்னியாகுமரியை அடியிலும் காட்டியது நாங்கள்தானே!

அன்றைக்கே படத்தைக் கழற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். தரையில் விரித்து, படத்தின் வடக்கை நிஜமான வடக்குக்குத் திருப்பி, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தோம். எங்கள் பள்ளி பொள்ளாச்சிப் பக்கம். தெற்கே திரும்பினால் ஆனைமலை தெரியும். "ஆழியாறு எங்கிருந்து எங்க போகுது?" என்று கேட்டேன். எல்லாரும் மலையைக் காட்டிவிட்டுக் கையை வடமேற்கே நீட்டினார்கள். அதே சிறுமிதான் முதலில் கத்தினாள்: "அப்ப நம்ம ஆறும் வடக்கதாங்க போகுது!"

தொடக்கப் பள்ளியில் நில அமைப்பைச் சொல்லித்தர நினைக்கிறவர்கள் முதலில் சரிவைச் சொல்லித்தர வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஏன் ஓடும் என்பது பிடிபட்ட பிறகு ஆறுகளின் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். நீளமான ஆறு எது, உயரமான சிகரம் எது என்று பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடித்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் சரிவு நம் பேச்சிலேயே இருக்கிறது. மேற்கு என்ற சொல்லுக்குள் மேல் இருக்கிறது, கிழக்குக்குள் கீழ் இருக்கிறது. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள மண்ணில் வாழ்ந்தவர்கள் திசைக்கு வைத்த பெயர்கள் அவை. எங்கள் ஊரில் பாட்டிகள் இன்றும் மேக்கால, கெழக்கால என்றுதான் வழி சொல்கிறார்கள். இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெஸ்ட், ஈஸ்ட் என்று மட்டுமே படிக்கிற குழந்தைக்கு இந்த மேடு பள்ளம் கிடைக்காமல் போகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தக்காணம் முழுக்கப் போய்வரலாம். ஒரு பலகையின் மேற்கு ஓரத்தில் செங்கல்லை அண்டக் கொடுத்து, மேலே செம்மண்ணைப் பரப்பி, பூவாளியால் தண்ணீர் ஊற்றினோம். ஏறக்குறைய எல்லாத் தண்ணீரும் கிழக்கே ஓடியது. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறக்கிற கோதாவரிக்கு அரபிக்கடல் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் அது 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலுக்குப் போகிறது. ஏன் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, பலகையைப் பார்த்தே சொன்னார்கள். நர்மதையும் தபதியும் மேற்கே போவதற்கு, பலகையில் இரண்டு பள்ளம் கீறிக் காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் ஊரே இன்னொரு விதிவிலக்கு. மலைத்தொடர் இங்கே சுமார் 30, 40 கிலோமீட்டர் அறுந்து பாலக்காட்டுக் கணவாயாகக் கிடப்பதால் நிலம் மேற்கே இறங்குகிறது. ஆழியாறு பாரதப்புழையில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பக்கத்து உடுமலை அமராவதியோ காவிரியில் சேர்ந்து வங்கக்கடலுக்கு. பொள்ளாச்சிப் பிள்ளையும் உடுமலையில் இருக்கிற அவன் மாமன் மகனும் மழைநாளில் விடுகிற காகிதக் கப்பல்கள் வேறு வேறு கடலுக்குப் போகும் என்றால், எந்தக் குழந்தைக்குத்தான் மறக்கும்? ஆடி மாதம் எங்கள் தென்னைகளை அந்த ஆட்டு ஆட்டும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணவாயைப் பார்த்தாலே விளங்கிவிடும். இரண்டு வீட்டுக்கு நடுவே சந்தில் நின்றால் காற்று முகத்தில் அறைவது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இதன் தொடர்ச்சிதான் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால். பாதிப் பிள்ளைகளின் தோப்புக்கு அந்தத் தண்ணீர் பாய்கிறது. மேற்கே ஓடவேண்டிய தண்ணீரை அணை கட்டி, மலையைக் குடைந்து, காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்குத் திருப்பியிருக்கிறார்கள். அதற்காக 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தம் போட்டன. சரிவு தெரியாத பிள்ளைக்கு இது வெறும் பெயர். தெரிந்த பிள்ளைக்கு, மனிதர்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள் என்று பிடிபடும்.

உயரமும் அப்படித்தான். எவரெஸ்ட் 8,849 மீட்டர் என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது ஒரு எண், அவ்வளவுதான். வால்பாறை பஸ்ஸில் 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, காது அடைத்து, வாந்தி எடுத்த பிள்ளைகள் இவர்கள். வால்பாறை சுமார் 3,500 அடி. எட்டு வால்பாறையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் எவரெஸ்டுக்குக் கொஞ்சம் குறையும் என்றேன். பின்வரிசையில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.

பெயர்களை மனப்பாடம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் மனம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதை வீணாக்கவும் கூடாது. ஆனால் மைதானத்தில் மண்ணைக் குழைப்பதைப் பார்த்துவிட்டு, "பாடம் நடத்தாம விளையாட விடறீங்களா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நடந்ததுதான் பாடம். வீட்டில் வரைபடம் இருந்தால் தயவுசெய்து ஒருமுறை தரையில் விரித்து, வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்தச் சிறுமி போன வாரம் அடுத்த கேள்வியோடு வந்தாள். சட்லெஜ் ஆறு இமயமலைக்கு அந்தப் பக்கம் திபெத்தில் பிறக்கிறது, பிறகு எப்படி மலையைத் தாண்டி நம் பக்கம் வருகிறது? அவ்வளவு பெரிய மேட்டில் தண்ணீர் ஏறாதே?

மலை எழும்புவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சத்துணவுக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். ஆயா அருவாமனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். "கத்தி நகருதா பாரு." இல்லை என்று தலையாட்டினாள். காய்தான் நகர்ந்தது, கத்தி நின்ற இடத்திலேயே இருந்து அறுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "அப்ப ஆறு அருவாமனைங்களா டீச்சர்? மலை பூசணிக்காயா?"