கரைநண்டு இருப்பது தூய நீருக்குச் சான்று அல்ல

பிரிட்டன் துறைமுகங்களில் கரைநண்டுகள் ஏராளமாக இருப்பதால் அங்கு நீர் மாசற்றது என்றும், நண்டின் உடலிலுள்ள செம்பை அளந்தாலே கடல்நீரின் செம்பளவு தெரிந்துவிடும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் இரண்டு கூற்றுகளும் சரியல்ல. கார்சினஸ் மேனாஸ் என்னும் இந்த இனம் உப்பளவு ஏறி இறங்கும் கழிமுகங்களிலும் மாசடைந்த துறைமுகங்களிலும் தாக்குப்பிடிக்கக்கூடியது. எனவே அது அங்கே வாழ்வதை மட்டும் வைத்து நீரின் தூய்மையை முடிவு செய்ய இயலாது.

செம்பு பற்றிய கூற்றுதான் கூடுதலாகத் திசைதிருப்புகிறது. நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் செம்பு அடங்கிய புரதம். இப்படி உடலுக்குத் தேவையான உலோகங்கள் என்பதால், செம்பையும் துத்தநாகத்தையும் நண்டு தன் உடலுக்குள் பெருமளவு கட்டுப்படுத்திக்கொள்கிறது. வெளியே அளவு வெகுவாக உயர்ந்த பின்னரே உள்ளேயும் உயர்வு தென்படும், அதுவும் ஓடு கழற்றும் பருவத்துக்கேற்ப மாறும். (உடலுக்குத் தேவையற்ற காட்மியம் என்னும் நச்சு உலோகத்தின் கதை வேறு, அது செரிமானச் சுரப்பியில் சேர்ந்துகொண்டே போகும்.) அமெரிக்காவில் கடலோர மாசை அளக்க 1986இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்புத் திட்டம், நண்டை விட்டு, ஓரிடத்திலேயே ஒட்டி வாழ்வதால் அந்த இடத்து மாசைக் காட்டும் மஸல், ஆய்ஸ்டர் சிப்பிகளைத் தேர்ந்தது காரணத்தோடுதான்.

கரைநண்டின் உண்மையான பயன், மாசு அதன் உடலியக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டுவதில் இருக்கிறது: எண்ணெய் மாசின் சிதைபொருள்களை அதன் சிறுநீரில் ஒளிர்வு முறையிலும், இதயத் துடிப்பை ஓட்டின்மேல் ஒட்டிய உணரியாலும், நண்டைக் கொல்லாமலேயே அளக்க முடியும்.