அட்மிஷன் முடிந்ததும் காணாமல் போய்விடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் வழிகாட்ட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரி, என்னென்ன சான்றிதழ் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செப்டம்பருக்கு அப்புறம் அந்தப் பிள்ளையை யார் விசாரிக்கிறார்கள்? எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். அப்போது பக்கத்தில் இருப்பவர்தான் வழிகாட்டி என்பேன்.

நான் துணை நின்ற ஒரு பையன், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். திருச்சியில் பொறியியல் சேர்ந்தான். அக்டோபரில் ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போனேன். வீட்டில் இல்லை, நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறான் என்றார் அவன் அம்மா. குறுவை அறுத்துக் கொட்டியிருந்த குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயை மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வெயில் அடித்தால் பரப்பிக் காலால் கிளறிவிட வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ராக்காவலும் இவன்தான். படிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கூடவே நடந்தேன். நெல்லைக் கிளறிக்கொண்டே அவனாகச் சொன்னான்: "கிளாஸ்ல இங்கிலீஷ்ல நடத்துறது ஒண்ணுமே புரியலக்கா. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட கேக்கவும் கூச்சமா இருக்கு."

ஊருக்கு வந்தது நெல்லுக்காக. திரும்பிப் போகாமல் இருந்தது இதற்காக. இதை அவன் ஃபோனில் சொல்லியிருக்கவே மாட்டான். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த, தமிழ்வழியில் படித்த கூத்தாநல்லூர் பையன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்தேன். மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் போகவில்லை, எவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்தோம் என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமைப்பு, பெரியவர் ஒருவரைச் சிறுவர் ஒருவருக்குத் துணையாகச் சேர்த்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்த 82 ஜோடிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 1995-ல் வந்தது. பிள்ளையைத் திருத்தியே தீருவேன் என்று இறங்கியவர்களின் உறவு பெரும்பாலும் சீக்கிரமே முறிந்திருக்கிறது. பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் கொடுத்து, நம்பிக்கை வரும்வரை பொறுத்தவர்களின் உறவு நிலைத்திருக்கிறது. 2002-ல் வந்த இன்னொரு ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஓராண்டும் அதற்கு மேலும் துணை கிடைத்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் கைவிடப்பட்டவர்களுக்குத் தங்கள் மேலிருந்த மதிப்பே குறைந்துபோயிருக்கிறது. பாதியில் விடுவதற்கு, தொடாமலே இருந்திருக்கலாம்.

பணம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கையிலிருக்கிற காசெல்லாம் உழவு, விதை, உரம் என்று வயலுக்குப் போய்விடும். கல்லூரிக் கட்டணமும் ஹாஸ்டல் முன்பணமும் அதை ஒட்டித்தான் வந்து நிற்கும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருவது எவ்வளவோ ஆறுதல். ஆனால் அரியர் விழுந்ததை வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே.

அந்த ஆள் அப்பா அம்மாவின் இடத்தில் போய் உட்காரக் கூடாது. பெற்றோருக்குத் தெரிந்துதான் எல்லாப் பேச்சும். சந்திப்பது வீட்டுத் திண்ணையிலோ நாலு பேர் நடமாடும் இடத்திலோ மட்டும்தான். பையனோ பெண்ணோ, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. எல்லாராலும் கடைசிவரை கூட வர முடியாது. இடமாற்றல் வரும், உடம்பு படுத்தும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் காலமானபோது அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையருக்கு இருபத்தோரு வயதுகூட ஆகவில்லை. பிறகு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்துப் பாடமும் சொன்னார். 1880-ல் பிள்ளையின் மூத்த மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். ஒருவர் போனதும் இன்னொருவர் அந்த இளைஞரை ஏந்திக்கொண்ட ஊர் இது.

அதனால் இந்த ஜூனில் குழுவில் பெயர் கொடுக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முதலாண்டு முழுக்கக் கூட இருப்பேன் என்று எண்ணியே பெயர் கொடுங்கள். வாரம் ஒரு நாள் பேசுவதாகச் சொன்னால் அந்த நாளை விடாதீர்கள். விலகித்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அடுத்து வருபவரை அந்த வீட்டுக்கு நீங்களே அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள்.