பற்பசையும் கம்பியும் காருக்கு வேண்டாம்

"பழைய காரின் உள்ளே கீறல் விழுந்த வெள்ளிநிறப் பட்டிகளைப் பற்பசை பூசி, பாத்திரம் தேய்க்கும் கம்பியால் உரஞ்சினால் புதுசாகும்" என்றொரு செய்தி திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பிழை.

அந்தப் பட்டிகள் எல்லாம் ஒரே பொருள் இல்லை. பல வெறும் பிளாஸ்டிக். அதன் மேலே உள்ள குரோம் எனும் பளபளப்பான உலோகப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோனை (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட மெல்லியது. உரஞ்சினால் போனது போனதுதான், பிறகு எந்தப் பொலிஷும் உதவாது. அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேலே காப்புப் படலம் ஏற்றிய) அலுமினியத்தில் கீறல் இன்னும் கூடும். இரும்பின் மேல் குரோம் என்றால், பூச்சுப் போன இடத்தில் நம் கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும். பூச்சில்லாத துருப்பிடிக்கா எஃகு மட்டும் உலோகப் பொலிஷைத் தாங்கும், அதுவும் மென்துணியால்.

பட்டி எந்தப் பொருள் என்று ஊகிக்கக் காந்தம் வைத்துப் பாருங்கள்: பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. காரோடு வந்த கைநூலில் பராமரிப்புப் பகுதியையும் வாசியுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.